யூட்டா அரே: எண்ணத்தையும் அசைவையும் ஆராய ஒரு சிலிக்கன் சில்லு

மூளையின் துடிப்பைக் கணினிக்கான ஆணையாக மாற்றும் மூளை-இயந்திர இடைமுகங்களைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் நோயாளிக்குக் கிடைத்த பயனையே பேசுகின்றன: கைகால் அசையாதவர் திரையில் எழுதினார், பேச்சை இழந்தவர் கணினி வழியே பேசினார் என்று. அந்தப் பயன் பெரிதுதான். ஆனால் அதே கருவி, விழித்திருக்கும் மனிதரின் மூளையில் நரம்பணுக்களின் துடிப்பைத் தனித்தனியாகக் கேட்டு, எண்ணமும் அசைவும் எப்படி உருவாகின்றன என்று ஆராய்வதற்கான ஆய்வுக்கூடமாகவும் இருபது ஆண்டுகளாக இயங்கி வருகிறது. அந்த வேலையின் பெரும்பகுதியைச் சுமந்திருப்பது யூட்டா அரே என்னும் சிறிய சிலிக்கன் சில்லு. மருத்துவ மாணவர்களுக்கு நரம்பு உடலியங்கியல் கற்பிக்கும் எனக்கு, இந்தச் சில்லின் வழியாக வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பது வேலையின் ஒரு பகுதி. வகுப்பில் காலங்காலமாகச் சொல்லிவந்த சில பாடங்களையே அவை திருத்தியிருக்கின்றன. இது கடையில் வாங்கும் பொருள் அல்ல. ஆகவே இதைச் சிகிச்சைக் கருவியாக அல்லாமல், மனித மூளையைப் பற்றி நமக்கு உண்மை சொல்லும் ஆய்வுக் கருவியாக வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மனின் குழு உருவாக்கி 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட வடிவம் இது. பார்வை இழந்தவர்களின் மூளையை மின்சாரத்தால் தூண்டிப் பார்வையை ஓரளவு மீட்க வேண்டும் என்பதே நார்மனின் முதல் நோக்கம். இன்று சால்ட் லேக் சிட்டியில் உள்ள பிளாக்ராக் நியூரோடெக் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் அளவுள்ள சதுரத் தளத்தில், பத்துக்குப் பத்து என நூறு ஊசிகள் நிற்கின்றன. அவற்றில் வழக்கமாக 96 ஊசிகளுக்குக் கம்பி இணைப்பு உண்டு. ஊசிகளைத் தனித்தனியாகச் செய்து நட்டு வைப்பதில்லை. ஒரே சிலிக்கன் கட்டியை நுண்ரம்பத்தால் குறுக்கும் நெடுக்கும் அறுத்துத் தூண்களாக்கி, பிறகு அமிலத்தால் அரித்துக் கூராக்குகிறார்கள். ஊசியின் நீளம் 1 அல்லது 1.5 மில்லிமீட்டர், இரண்டு ஊசிகளுக்கு இடையில் 0.4 மில்லிமீட்டர். பிளாட்டினமோ இரிடியம் ஆக்சைடோ பூசிய நுனி மட்டும் திறந்திருக்க, மற்ற பகுதி முழுவதும் பாரிலீன் என்னும் காப்புப் படலத்தால் மூடப்பட்டிருக்கும்.

இதை மூளையில் பதிக்கும் முறையைக் கேட்டால் முதலில் யாருக்கும் கொஞ்சம் திடுக்கிடும். நூறு ஊசிகளை மெதுவாக அழுத்தினால் மென்மையான மூளை உள்வாங்குமே தவிர, ஊசிகள் இறங்காது. அதனால் காற்றழுத்தத்தால் இயங்கும் சிறு கருவியால் ஒரே தட்டில் இறக்குகிறார்கள். எல்லா ஊசிகளும் முழுமையாக இறங்க நொடிக்கு 8.3 மீட்டர் வேகமாவது வேண்டும் என்று நார்மனின் குழு 1992-இல் அளந்து சொன்னது. சில்லிலிருந்து கிளம்பும் மெல்லிய தங்கக் கம்பிக் கற்றை, மண்டையோட்டில் திருகிப் பொருத்திய டைட்டானியப் பீடத்துக்கு வருகிறது. அந்தப் பீடம் தலைத்தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆய்வு நடக்கும் நேரத்தில் அதில் கேபிளைச் செருகினால், ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் நொடிக்கு 30,000 முறை மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. நுனிக்கு அருகில் இருக்கும் நரம்பணு ஒன்று துடித்தால், மைக்ரோவோல்ட் அளவில், ஏறக்குறைய ஒரு மில்லிநொடி நீளத்துக்கு ஒரு கூர்முனை தெரியும். இந்தத் துல்லியம்தான் இக்கருவியின் உயிர். மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் எஃப்எம்ஆர்ஐ பல நொடிகளுக்குப் பரவிய நிழலைக் காட்டுகிறது. தலைத்தோலில் ஒட்டும் இஇஜி லட்சக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டிரைச்சலைத் தருகிறது. எந்த நரம்பணு எப்போது துடித்தது என்ற கேள்விக்கு இவ்விரண்டிலும் விடை கிடையாது.

நுண்ணிய அளவீட்டைவிட முக்கியமான ஒரு சிறப்பு இதற்கு உண்டு. மூளை-இயந்திர இடைமுகத்தை ஆய்வுக் கருவியாக நான் மதிப்பதற்கு அதுவே காரணம். நாம் இயல்பாகக் கையை நீட்டும்போது பல கோடி நரம்பணுக்கள் பங்கெடுக்கின்றன. அவற்றின் ஆணைகள் தண்டுவடத்தில் கலந்து, பல தசைகளின் வழியே அசைவாகின்றன. ஆய்வாளர் பதிவு செய்யும் நூறு நரம்பணுக்களுக்கும் அந்த அசைவுக்கும் உண்மையில் என்ன உறவு என்று அவரால் உறுதியாகச் சொல்லவே முடியாது. திரையில் ஒரு கர்சரை மூளையால் நகர்த்தும் சோதனையில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. கர்சரை நகர்த்துவன பதிவாகும் அந்த நரம்பணுக்கள் மட்டுமே. எந்தத் துடிப்புக்குக் கர்சர் எவ்வளவு, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற விதியை எழுதுபவரும் ஆய்வாளரே. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் அவருக்குத் தெரியாத படி எதுவும் இல்லை. விதியை அவர் வேண்டுமென்றே மாற்றலாம். மாற்றிவிட்டு மூளை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கலாம்.

2014-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகமும் சேர்ந்து குரங்குகளில் இதைத்தான் செய்தன. ஏறக்குறைய தொண்ணூறு நரம்பணு அலகுகளின் துடிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது, அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் துடிக்கவில்லை என்பது தெரிந்தது. சுமார் பத்துப் பரிமாணங்களில் அடங்கிவிடும் சில கூட்டுக் கோலங்களுக்குள்ளேயே அவை இயங்கின. அந்தக் கோலங்களுக்குள் நின்றபடியே கற்கக்கூடிய புதிய கர்சர் விதியைக் கொடுத்தபோது குரங்குகள் சில மணி நேரத்தில் பழகிக்கொண்டன. கோலங்களுக்கு வெளியே போனால்தான் கட்டுப்படுத்த முடியும் என்ற விதியைக் கொடுத்தபோது அன்றைக்குள் அவற்றால் கற்கவே முடியவில்லை. அதே குழுவினர் 2019-இல், பல நாள் தொடர்ந்து படிப்படியாகப் பயிற்சி கொடுத்தால் மூளை புதிய கோலங்களையே உண்டாக்கிக்கொள்ளும் என்று காட்டினார்கள். சில திறமைகள் ஒரு பிற்பகலில் கைவர, சில திறமைகளுக்கு நீண்ட பயிற்சி ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு நரம்பணு அளவில் கிடைத்த தெளிவான விடைகளில் இது ஒன்று என்பேன். வேறு எந்தக் கருவியாலும் இந்தச் சோதனையை அமைத்திருக்கவே முடியாது, ஏனென்றால் விதியை மாற்றும் உரிமை இடைமுகத்தில் மட்டுமே ஆய்வாளரின் கையில் இருக்கிறது.

செயலிழந்தவர்களின் மூளையில் இந்தச் சில்லின் வரலாறு 2004-இல் தொடங்குகிறது. 2001-இல் கத்திக்குத்துக்கு ஆளாகிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த மேத்யூ நேகிளின் இயக்கப் புறணியில், அதாவது அசைவுக்கு ஆணையிடும் மூளை மேற்பரப்புப் பகுதியில், பிரெயின்கேட் என்னும் மூளை-இயந்திர இடைமுக ஆய்வுத் திட்டத்தின்கீழ் 96 மின்முனைகள் பதிக்கப்பட்டன. அதன் முடிவுகள் 2006-இல் நேச்சர் இதழில் வந்தன. அவர் மின்னஞ்சலைத் திறந்ததும் செயற்கைக் கையை விரித்து மூடியதும் உலகெங்கும் பேசப்பட்டது. ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறு: மூன்றாண்டுகளாக அசையாத கையை அசைக்க நினைத்ததும் இயக்கப் புறணியின் நரம்பணுக்கள் திசைக்கேற்பத் துடித்தன. பயன்படாத பகுதி ஓய்ந்துவிடும் என்ற ஐயம் அதோடு தளர்ந்தது. 2012-இல் வெளியான அடுத்த முக்கியக் கட்டுரையில், பக்கவாதம் வந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் கடந்த கேத்தி ஹட்சின்சன், ரோபோ கையை எண்ணத்தால் இயக்கி, புட்டியிலிருந்து காபியைத் தானே குடித்தார். சில்லு அவர் தலைக்குள் போய் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்த நேரம் அது.

என் வகுப்பறையைத் தொட்ட கண்டுபிடிப்பு 2020-இல் வந்தது. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு வரைந்து தந்த சிறு மனித உருவப் படத்தை, அதாவது மூளையில் கால் இங்கே, கை அங்கே, முகம் அதற்கடுத்து என வரிசையாகப் படுத்திருக்கும் உருவத்தை, உடலியங்கியல் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் பிராங்க் வில்லெட் உள்ளிட்ட பிரெயின்கேட் குழுவினர், கைக்கு உரியது என்று கருதப்பட்ட மேட்டுப் பகுதியில் பதித்த அரேயில், முகம், தலை, கால், இரு கைகள் என்று உடல் முழுவதற்குமான அசைவுகளும் கலந்தே பதிவாவதைக் கண்டார்கள். கைக்கான துடிப்பு வலுவாக இருக்கிறது, மற்றவை மங்கலாக இருக்கின்றன. ஆனால் எல்லாமே இருக்கின்றன. இன்னும் வியப்பானது அதன் ஒழுங்கு: எந்த உறுப்பு என்பதற்கு ஒரு குறியீடும் எந்த அசைவு என்பதற்கு வேறொரு குறியீடும் ஓரளவு தனித்தனியாக இருந்து ஒன்றுசேர்கின்றன. வலக்கையால் கற்றதை இடக்கையாலும் ஓரளவு செய்ய முடிவதற்கு இந்த அமைப்பு ஒரு விளக்கமாகலாம் என்று அவர்கள் எழுதினார்கள். பென்ஃபீல்டின் படத்தை நான் இன்றும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்; காட்டிய கையோடு இந்தப் பதிவுகளையும் வைக்கிறேன்.

2021-இல் அதே குழு வெளியிட்ட கையெழுத்துச் சோதனையும் இப்படித்தான். 2007-இல் தண்டுவடம் காயமடைந்த, ஆய்வில் டி5 என்று குறிப்பிடப்படும் பங்கேற்பாளரிடம், கையில் பேனா இருப்பதுபோல் எண்ணி ஒவ்வோர் எழுத்தாக எழுத முயலச் சொன்னார்கள். கை அசையவில்லை. நரம்பணுத் துடிப்பிலிருந்து பேனா நுனியின் வேகத்தைக் கணக்கிட்டு வரைந்தபோது, கண்ணால் படித்து அடையாளம் காணும் அளவுக்கு ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் தாளில் வந்தன. நிமிடத்துக்கு 90 எழுத்துகள் என்ற வேகமும் 94.1 சதவீதத் துல்லியமும் கிடைத்தன. அதற்கு முந்தைய சாதனை, கர்சரால் எழுத்தைத் தேர்ந்து கிளிக் செய்யும் முறையில், நிமிடத்துக்கு 40. நேர்கோட்டில் நகர்வதைவிட வளைந்து நெளியும் எழுத்துகளை ஏன் எளிதாகப் பிரித்தறிய முடிந்தது? நேர்கோடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. எழுத்துகளின் அசைவோ காலப்போக்கில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வழியில் போகிறது. பல ஆண்டுகளாகப் பேனா பிடிக்காத ஒருவரின் மூளையில் எழுதும் அசைவு அவ்வளவு நுணுக்கமாக மிஞ்சியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அறிதலைப் பற்றிய ஆய்வுகள் வேறோர் இடத்திலிருந்து வந்தன. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் ரிச்சர்ட் ஆண்டர்சன், ஆணை பிறப்பிக்கும் இயக்கப் புறணியை விட்டுவிட்டு, நோக்கம் உருவாகும் பின் பெரைட்டல் புறணியில் சில்லைப் பதிக்கலாம் என்று துணிந்தார். 2013-இல், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எரிக் சோர்ட்டோவுக்கு அறுவை நடந்து, 2015-இல் சயின்ஸ் இதழில் முடிவு வந்தது: கை எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற இலக்கையும் போகும் பாதையையும் அந்த நரம்பணுக்களிலிருந்து தனித்தனியாகப் படிக்க முடிந்தது. அடுத்தடுத்த கட்டுரைகளில், அசைவைக் கற்பனை செய்வதும் உண்மையில் முயல்வதும் அதே சிறு நரம்பணுக் கூட்டத்தில் ஒழுங்கோடு கலந்து குறிக்கப்படுவதும், ஒரு செயலைக் காணொளியில் பார்ப்பதும் அதன் வினைச்சொல்லைப் படிப்பதும் ஒரே நரம்பணுக்களை எழுப்புவதும் தெரியவந்தன. செயலும் அதைக் குறிக்கும் சொல்லின் பொருளும் மூளையில் பிணைந்தவை என்று மன அறிவியலில் நெடுங்காலமாக வாதிடப்பட்டுவந்த கருத்துக்கு, நரம்பணு அளவில் இப்படிச் சான்று கிடைத்தது.

பேச்சைப் பொறுத்தவரை பாடநூலுக்கு விழுந்த அடி இன்னும் பலமானது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோயால் தெளிவான பேச்சை இழந்த பெண்மணி ஒருவருக்கு, ஸ்டான்ஃபோர்டு குழு 2022-இல் நான்கு சில்லுகளைப் பதித்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. இரண்டு முகத்தசை அசைவுக்கான பகுதியில், இரண்டு புரோக்கா பகுதியில். நிமிடத்துக்கு 62 சொற்கள் கிடைத்தன. 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியில் பிழை 23.8 சதவீதம். ஆனால் அந்த வெற்றி முழுவதும் முதல் இரண்டு சில்லுகளால் வந்தது. பேச்சின் மையம் என்று நூறாண்டுகளுக்கு மேலாகக் கற்பிக்கப்படும் புரோக்கா பகுதியில் பேச்சு அசைவு பற்றிய தகவல் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. 2025-இல் வெளியான தொடர் ஆய்வு, வாயை அசைக்க முயலாமல் மனத்துக்குள் மட்டும் சொல்லும் சொற்களும் அதே இயக்கப் பகுதியில் வலுக்குறைந்த வடிவில் பதிவாவதைக் காட்டியது. திரையில் உருவங்களை எண்ணச் சொன்னால், மனத்துக்குள் ஓடும் எண்ணிக்கையின் சாயல்கூடத் தென்பட்டது. பங்கேற்பாளர் விரும்பாத எண்ணம் வெளிவராதபடி, மனத்துக்குள் ஒரு கடவுச்சொற்றொடரைச் சொன்னால் மட்டுமே இடைமுகம் திறக்கும் ஏற்பாட்டையும் அதே கட்டுரையில் சோதித்தார்கள். இப்படிப்பட்ட பாதுகாப்பை ஆய்வின் உள்ளேயே சேர்த்துக்கொண்டது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. இனி வரும் குழுக்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இனி குறைகளுக்கு வருகிறேன். அவை சிறியவை அல்ல. முதலாவது, கேட்கும் எல்லை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. சில்லு கேட்பது நூற்றுச் சொச்சத்தை. பெருநகரம் ஒன்றின் ஒரே தெருவில் நூறு வாசல்களில் காதை வைத்துவிட்டு நகரத்தின் போக்கைச் சொல்வது போன்றது இது. ஆழமும் போதாது. மனிதரில் முதன்மை இயக்கப் புறணியின் பெரும்பகுதி நடுப்பள்ளத்தின் சுவரில் மறைந்திருக்கிறது, 1.5 மில்லிமீட்டர் ஊசி மேட்டின் மேற்பரப்பை மட்டுமே எட்டும். இயக்கப் புறணி என்று செய்திகளில் எழுதப்படும் பல பதிவுகள், கண்டிப்பாகப் பார்த்தால், அதற்கு முன்னுள்ள பகுதியைச் சேர்ந்தவை. வில்லெட்டின் குழு 2020 கட்டுரையின் தலைப்பிலேயே அதை நேர்மையாகக் குறிப்பிட்டது. குரங்கில் கண்டதையும் மனிதரில் கண்டதையும் ஒப்பிடும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறக் கூடாது.

இரண்டாவது, நாட்பட நாட்பட வரும் தேய்வு. ஊசியைச் சுற்றி வடுத்திசு வளர்கிறது, காப்புப் படலம் சிதைகிறது, கேட்கும் நரம்பணுக்கள் குறைகின்றன. நேற்றுக் கேட்ட நரம்பணுவே இன்றும் கேட்கிறதா என்பதை உறுதி செய்ய முடியாததால், பல ஆய்வுகளில் துடிப்பை ஆணையாக மொழிபெயர்க்கும் டீகோடர் மென்பொருளை ஒவ்வொரு நாளும் மறுபடி சரிசெய்தாக வேண்டும். கற்றல் ஒரே நரம்பணுவில் மாதக்கணக்கில் எப்படி நிலைபெறுகிறது என்று தொடர்ந்து பார்க்க விரும்புவோருக்கு இது பெரிய தடை. ஆனாலும் ஆயுள் மோசம் என்று சொல்லிவிட முடியாது: கைகால் செயலிழந்து 2015-இல் சில்லு பதிக்கப்பட்ட நேதன் கோப்லேண்டு ஏழாண்டுகள் கடந்தும் அதைப் பயன்படுத்தினார். தொடுவுணர்வுப் புறணியை அதே வகைச் சில்லால் தூண்டியபோது, ரோபோ கையால் பொருளை எடுத்து வைக்கும் அவருடைய இடைநிலை நேரம் 20.9 நொடியிலிருந்து 10.2 நொடியாகக் குறைந்தது. அசைவுக்குத் தொடுவுணர்வு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு 2021-இல் வந்த அந்த எண்கள் போதும்.

மூன்றாவது, தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் பீடம். 2004 முதல் 2021 வரை பிரெயின்கேட் திட்டத்தில் சேர்ந்த 14 பேரின் 12,203 நாள் அனுபவத்தை 2023-இல் தொகுத்தபோது, கருவியால் மரணமோ நிரந்தர ஊனமோ நேரவில்லை என்பது உறுதியானது. அடிக்கடி வந்த தொல்லை பீடத்தைச் சுற்றிய தோல் எரிச்சல். கேபிளால் கட்டுண்ட பங்கேற்பாளர் இயல்பு வாழ்க்கையில் எப்படி எண்ணுகிறார், எப்படித் தூங்குகிறார் என்பதை ஆராய்வதும் கடினம். கம்பியில்லா அனுப்பியை 2021-இல் அதே திட்டம் வீட்டிலேயே சோதித்துக் காட்டியது நல்ல தொடக்கம்.

நான்காவதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கட்டுரைகளில் பல ஒருவரை அல்லது இருவரை மட்டுமே ஆராய்ந்தவை. மனத்துக்குள் பேசும் எட்டுச் சொற்களைப் பிரித்தறியும் கால்டெக்கின் 2024 ஆய்வில் ஒரு பங்கேற்பாளரிடம் 79 சதவீதமும் மற்றவரிடம் 23 சதவீதமும் கிடைத்தன. இரண்டாமவர் சேராமல் போயிருந்தால் நாம் என்ன முடிவுக்கு வந்திருப்போம்? தவிரவும் பங்கேற்போர் அனைவரும் காயத்தாலோ நோயாலோ செயலிழந்தவர்கள். அவர்களின் மூளை காட்டுவதை எல்லா மனிதருக்கும் பொதுவாக்கும்போது நிதானம் வேண்டும்.

மாற்றுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நியூராலிங்கின் கருவியில் 64 மெல்லிழைகளில் 1,024 மின்முனைகள் உள்ளன, கம்பியும் இல்லை. 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்தியபின் பல இழைகள் பின்வாங்கியதை அந்நிறுவனமே அறிவித்தது. சிங்க்ரானின் ஸ்டென்ட்ரோடு கழுத்து நாளத்தின் வழியே போவதால் மண்டையோட்டைத் திறக்க வேண்டாம், ஆனால் 16 மின்முனைகளால் தனி நரம்பணுவைக் கேட்க முடியாது. புறணியின் மேல் விரிக்கும் மின்முனை வலைகள் பரந்த பகுதியைக் காட்டுகின்றன. பேச்சு போல் பல பகுதிகள் சேர்ந்து இயங்கும் செயலுக்கு நான் அவற்றையே முதலில் தேர்வேன். ஒரு சிறு பகுதியில் தனித்தனி நரம்பணுக்கள் எதைக் குறிக்கின்றன, கற்கும்போது அது எப்படி மாறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய வேண்டுமென்றால், வெளியான சான்றுகளின் அளவைப் பார்க்கையில், யூட்டா அரேக்கு ஈடாக மனிதரில் இன்னும் ஒன்று வரவில்லை.

இதைப் பயன்படுத்த முனையும் ஆய்வுக்குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன். ஆய்வு முடிந்ததும் சில்லை எடுப்பதற்கான அறுவை, அதன்பின் மருத்துவக் கவனிப்பு, அதுவரை எண்ணத்தால் எழுதிவந்தவருக்கு மாற்றுத் தொடர்பு வழி ஆகிய மூன்றுக்குமான பணமும் பொறுப்பும், முதல் ஊசி இறங்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.